கம்ப்யூட்டருக்கு வேர்த்த சித்திரை

செங்கரட்டுப்பட்டியில் சித்திரை பிறந்த மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்கு, ராஜகனி அண்ணாச்சியின் கடலைமிட்டாய்க் கம்பெனி ஆபீஸ் ரூமில், ஏசி பதினெட்டில் ஓட, எஸ்தர் சுடிதாருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பில் அடித்துக்கொண்டிருந்த குளிரில், கம்ப்யூட்டருக்கு வேர்த்தது. முதலில் பெட்டியின் மேல்பக்கம் முத்து முத்தாக அரும்பி, பிறகு இரண்டு பக்கமும் வழிந்து, மேஜை விளிம்பில் சொட்டி, கீழே கிடந்த லேபிள் கட்டை நனைத்தபோது, ஏசிதான் ஒழுகுகிறது என்று நினைத்த எஸ்தர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது. இந்த வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காது என்று சொல்லிக்கொண்டே துப்பட்டாவால் அதைத் துடைத்துவிட்டு அடுத்த பில்லுக்குப் போனாள்.

அண்ணாச்சிக்கு அந்தக் கம்ப்யூட்டர் பெற்ற பிள்ளைக்கும் மேல். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற ஆர்டரெல்லாம் அதற்குள்தான் வந்து விழும் என்பதால் அதற்கென்று தனி ரூம், தனி ஏசி, தூசி படாமலிருக்க வாசலில் கால்மிதி, உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று ஒரு சட்டம். தூத்துக்குடியிலிருந்து வருகிற மெக்கானிக் பெனிட்டோ திரையின் ஓரத்தில் ஒரு சின்ன எண் எப்போதும் தெரிகிற மாதிரி வைத்துக்கொடுத்து, எஸ்தருக்குப் பாடமும் சொல்லியிருந்தான்: அது உள்ளே இருக்கிற பிராசசரின் சூடு, சும்மா இருக்கும்போது நாற்பது, வேலை பார்க்கும்போது அறுபது எழுபது, அதுவரை கவலையில்லை, எண்பத்தைந்தைத் தொட்டால் கவனிக்க வேண்டும், தொண்ணூற்றைந்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நூறைத் தொட்டால் யாரையும் கேட்காமல் தானே அணைந்துவிடும். வேர்த்த அன்று அந்த எண் தொண்ணூற்று மூன்றில் நின்றது.

ஆபீஸ் ரூமின் சுவருக்கு அந்தப் பக்கம் பாகுக் கொட்டகை. தகரக்கூரைக்குக் கீழே ஆறு விறகடுப்பு, ஆறு கொப்பரை, கொப்பரைக்கு ஒருத்தியாக ஆறு பெண்கள், அவர்களில் மூத்தவள் உலகம்மாள். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது, அதில் இருபத்தெட்டு வருஷம் கொதிக்கிற வெல்லத்துக்கு முன்னால் போயிருந்தது. தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு உருட்டிப் பதம் பார்ப்பதெல்லாம் மற்றவர்களுக்கு; அவளுக்குக் கொப்பரையின் சத்தம் போதும், புறங்கையை ஆவிக்கு நேரே ஒரு நொடி காட்டினால் போதும், இப்போது இறக்கு, இன்னும் நாலு கிண்டு என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு அடுத்த அடுப்பில் நின்றது மருமகள் முத்துப்பேச்சி. ஐந்து மாதக் கர்ப்பம். பாக்கெட் போடுகிற இடத்துக்கு அவளை மாற்றுங்கள் என்று கேட்டதற்கு, அங்கே ஆள் நிறைந்திருக்கிறது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

கொட்டகைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதற்கும் ஆணி அடித்திருந்தது. பாகு கிடக்கிற இடத்தில் காற்று ஆகாது, காற்றுப் பட்டால் பாகு கோபித்துக்கொண்டு சர்க்கரை கட்டிவிடும் என்பது அந்தத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற பேச்சு, அதை வேதவாக்காகக் காப்பாற்றி வந்தவள் உலகம்மாள்தான். போன வருஷம் இதே சித்திரையில் மூன்றாம் அடுப்பு முப்பிடாதி, "மதினி, கண்ணைக் கட்டுது, ஜன்னலைக் கொஞ்சம் தொறக்கட்டா?" என்று கேட்டாள். பாகு கெட்டுப்போகும், பல்லைக் கடித்துக்கொண்டு இந்தக் கொப்பரையை முடி என்று சொன்னது உலகம்மாள். முப்பிடாதி அந்தக் கொப்பரையை முடிக்கவில்லை; அதற்கு முன்னாலேயே விழுந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று அண்ணாச்சி சொன்னார், ஊரும் அதையே சொன்னது.  இந்த வருஷம் முத்துப்பேச்சியின் முகம் அடுப்பு வெளிச்சத்தில் சிவக்கும்போதெல்லாம் உலகம்மாளின் கண் மூன்றாம் அடுப்புக்குப் போய்வந்தது.

வேர்த்த மறுநாளே பெனிட்டோ வந்தான். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, தூசியை ஊதி, ஃபேன் நான்கையும் பிரஷ்ஷால் துடைத்து, பின்பக்கம் சூடு வெளியே போக வழியிருக்கிறதா என்று கைவைத்துப் பார்த்து, பிராசசரின் தலையிலிருந்த பழைய பேஸ்ட்டை வழித்துவிட்டுப் புதுப் பேஸ்ட்டை அரிசிமணி அளவுக்கு வைத்து மூடினான். எண் தொண்ணூற்று நான்கு ஆயிற்று. ஏசியைப் பதினாறில் வைத்தார்கள், எஸ்தருக்கு ஜலதோஷம் பிடித்தது, எண் இறங்கவில்லை. ஆனால் பகல் ஒரு மணிக்குப் பெண்கள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேப்பமர நிழலுக்குப் போனதும் எண் தானாக நாற்பத்து நான்குக்கு வந்தது, அவர்கள் திரும்பிவந்து விறகைத் தள்ளியதும் மறுபடி ஏறியது.

மெக்கானிக் கைக்கு எட்டாத சூட்டை, சூடு தெரிந்தவள் பார்க்கட்டும் என்று அண்ணாச்சி உலகம்மாளை வரச்சொன்னார். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அந்த ரூமுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தலைத்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், ஈரமாயிருந்த பெட்டிமேல் புறங்கையை வைத்தாள், வைத்தபடியே கொஞ்சநேரம் நின்றாள். அந்தச் சூடு அவளுக்குப் புதிதில்லை. தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பக்கத்தில் நடந்து வருகிற சூடு அது.

"இது எம் மருமக மேல் சூடு," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி மட்டும் பெனிட்டோவைப் பார்த்தார். உலகம்மாள் கொட்டகைப் பக்கம் குரல் கொடுத்து, முத்துப்பேச்சியைக் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். எண் ஒன்பது இறங்கியது. அடுத்தவளைப் போகச் சொன்னாள், எட்டு இறங்கியது. இப்படி ஒவ்வொருத்தியாகக் கொட்டகையை விட்டு வெளியே அனுப்ப அனுப்ப, அந்த எண் மாடிப்படி இறங்குகிற மாதிரி இறங்கி இறங்கி நாற்பத்து மூன்றில் வந்து உட்கார்ந்தது, பெட்டியும் காய்ந்தது. பெனிட்டோ ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டான். மெஷினில் குறையில்லை, இனி இதற்குச் செய்கிற வைத்தியத்தைக் கொட்டகைக்குத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். அண்ணாச்சி அந்த வைத்தியத்துக்கு உடனே சம்மதிக்கவில்லை. மதுரைக்கு ஆள் அனுப்பி, உள்ளே தண்ணீர் ஓடிக் குளிர்விக்கிற, கண்ணாடி போட்ட, கலர் லைட் எரிகிற புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை வரவழைத்தார். வந்த மறுநாள் பதினொன்றரைக்கு அதற்கும் வேர்த்தது, பன்னிரண்டு மணிக்கு நூறைத் தொட்டு அணைந்தது, அணைந்தபோது உள்ளே ஓடிய தண்ணீரில் வெல்ல வாசம் அடித்தது. மூன்று நாள் ஒரு பில்லும் வெளியே வரவில்லை. நாலாவது நாள் அவரே சுத்தியலை எடுத்துவந்து ஜன்னல் ஆணியைப் பிடுங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் ஊர் இன்றைக்கும் சொல்லும். கொட்டகைச் சுவரில் நாலு ஃபேன் வந்தது, ஆவியை இழுத்து வெளியே தள்ள ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது, கூரைமேல் ஈரச் சாக்கு வந்தது, காலை பதினொன்றுக்கும் மத்தியானம் மூன்றுக்கும் பானையில் மோர் வந்தது, ஒருத்தி மாற்றி ஒருத்தி கால்மணி நேரம் உட்கார ஸ்டூல் வந்தது, எல்லாம் கம்ப்யூட்டருக்காக வந்தது. முதல்நாள் ஃபேனைப் போட்டதும் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாகு கோபித்துக்கொள்வதற்காகக் காத்திருந்தார்கள். பாகு கோபித்துக்கொள்ளவில்லை. உலகம்மாள் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தாள், இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு பதம் வந்ததில்லை. மற்றவர்கள் சந்தோஷப்பட்டபோது அவள் மட்டும் கரண்டியை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் விறகுக் கட்டுமேல் உட்கார்ந்து, முப்பிடாதி முப்பிடாதி என்று வாய்விட்டு அழுதாள்.

ஊர் அந்த எண்ணைத் தன் எண்ணாக எடுத்துக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. பஸ் ஸ்டாப் டீக்கடையில் தங்கம் விலை எழுதுகிற சிலேட்டில் 'இன்று கம்பெனி 61' என்று எழுதிப்போட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், எங்கள் முதலாளியும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் என்ன என்று கேட்டுப் பார்த்தார்கள், அந்த முதலாளி தன்னிடமிருந்த ஒன்றையும் ரகசியமாக விற்றுவிட்டார். இஸ்திரி வண்டிக்காரர் தன் பழைய ரேடியோவைத் தினமும் தொட்டுப் பார்த்தார், அதற்கு வேர்க்கவில்லை. காளியம்மன் கோயில் பூசாரி பெட்டியில் மஞ்சள் துணி கட்டினார், எஸ்தரின் சபைப் பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார், ரெண்டு பேரும் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். முப்பிடாதிதான் அதற்குள் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று சிலர் சொன்னார்கள். அதைக் கேட்டு முப்பிடாதியின் புருஷன் ஒருநாள் வந்து, திரையோரத்து எண்ணைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, போன வருஷம் இது எங்கே போயிருந்தது என்று கேட்டார். 

இதற்கிடையில் உலகம்மாள் வேறொன்று கற்றுக்கொண்டாள். மோர் குடிக்க ஆபீஸ் வாசலுக்கு வரும்போது, எஸ்தர் எண்ணைச் சொல்வதற்கு முன் அவள் ஒவ்வொருத்தி பின்கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்து, தானே ஒரு எண்ணைச் சொல்வாள். முதலில் பத்து தப்பும், பிறகு ஐந்து தப்பும், வைகாசி பிறப்பதற்குள் ஒரே ஒருத்தி கழுத்தைத் தொட்டுச் சொன்னால்கூட ஒன்றும் தப்பவில்லை. பெனிட்டோ சொன்ன எண்பத்தைந்து, தொண்ணூற்றைந்து, நூறு கணக்கும் எஸ்தர் சொல்லிச் சொல்லி ஆறு பேருக்கும் மனப்பாடமாகியிருந்தது. பாகின் பதம் பிடிபட்ட கைக்கு மனுஷியின் பதம் பிடிபட எத்தனை நாள் ஆகும்.

வைகாசி முதல் வாரத்தில் அண்ணாச்சியின் மைத்துனர் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். மோர்ப்பானையைப் பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சியைப் பார்த்தார், ஆர்டர் பார்க்கிற கம்ப்யூட்டர் சரக்குச் செய்கிற இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது மாப்பிள்ளை என்று கேட்டார். சோதித்துப் பார்க்க அன்றைக்குக் கொட்டகை ஃபேனையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் பெட்டியைக் காரில் ஏற்றி வடக்கே கிளம்பி, ஊருக்கு ஊர் நிறுத்தி, தெரிந்த கடைகளில் மாட்டிப் போட்டுப் பார்த்தார்கள். சாத்தூரில் வேர்த்தது. விருதுநகரில் லேசாக ஈரம் கண்டது. மதுரை தாண்டியதும் காய்ந்த எலும்பாகிவிட்டது, எண் நாற்பத்தொன்று. சூட்டுக்கும் எட்டுகிற தூரம் என்று ஒன்று இருந்திருக்கிறது. அண்ணாச்சி பெட்டியையும் எஸ்தரின் வேலையையும் கோயம்புத்தூரில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிவந்தார்.

வந்த அன்று சாயங்காலமே ஃபேன் நாலும் இறங்கி பாக்கெட் போடுகிற இடத்துக்குப் போனது, எக்ஸாஸ்ட்டுக்கு விட்ட துவாரத்தில் தகரம் அடித்தாயிற்று, மோர் நின்றது, ஸ்டூலைக் காணவில்லை. மறுநாள் காலையில் ஒரு பெரிய கல்யாண ஆர்டர் வந்தது, மூன்று நாளில் பத்தாயிரம் பாக்கெட். உலகம்மாள் கொட்டகைக்குள் நுழைந்தபோது அண்ணாச்சி ஜன்னலில் கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தார். ஏன் அண்ணாச்சி இப்படி என்று கேட்டதற்கு அவர் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"பாகுக்குக் காத்து ஆகாதுன்னு ஊருக்கே சொன்னவ நீதானம்மா."

அவர் சொன்னது பொய்யில்லை, அதனால்தான் அது எலும்பு வரைக்கும் சுட்டது. உலகம்மாளுக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"ஆமா, நான் சொன்னதுதான். சொன்னது தப்பு. அந்தத் தப்புல ஒரு உசிரு போயிட்டு," என்றாள். "எம் மருமகளுக்கு ஆறு மாசம். ஜன்னலைத் தொறந்து விடுங்க."

ஆர்டர் முடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் ஏசி ரூமுக்குப் போனார்.

ஆறு பேரும் அடுப்பைப் பற்றவைத்தார்கள். வேலையை விட்டுப் போகிறவர்கள் இல்லை அவர்கள், வேறு வேலை அந்த ஊரில் காத்துக்கொண்டிருக்கவுமில்லை, அதோடு அந்தத் தொழிலை அவர்களைவிடத் தெரிந்தவர்கள் யார். வெல்லம் கரைந்து, நுரைத்து, பொங்கி, அடங்கி, மறுபடி பொங்கியது. பத்து மணிக்குத் தகரக்கூரை படபடவென்று விரிசல் சத்தம் போட ஆரம்பித்தது. உலகம்மாள் தன் கொப்பரையை விட்டு நகர்ந்து, மருமகளின் பின்கழுத்து முடியை ஒதுக்கிப் புறங்கையை வைத்தாள், பிறகு கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "எழுபத்தொன்பது." ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அரைமணி கழித்து மறுபடி வைத்தாள். "எண்பத்தஞ்சு." முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டதில்லை, ஆனாலும் ஆறு கரண்டியும் கவனமாகின. பதினோரு மணிக்கு மோர் வரவில்லை. பதினொன்றே காலுக்கு அவள் "தொண்ணூத்தஞ்சு" என்றாள், ஆறு கரண்டியும் பாதி வேகத்துக்கு வந்தன, ஒரு சுற்றுச் சுற்றுகிற நேரத்தில் அரைச் சுற்று, விறகைத் தள்ளுகிற கை தள்ளாமல் நிற்க, கொப்பரைகள் மெதுவாக முனகிக்கொண்டு கிடந்தன.

கடலையை வறுத்து வைத்துக்கொண்டு காத்திருந்த பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஆள் வந்து பார்த்தது, போய் அண்ணாச்சியைக் கூட்டிவந்தது. அவர் கதவருகிலேயே நின்றார், உள்ளே அடித்த வெக்கை அவரை அதற்குமேல் விடவில்லை. உடம்பு வணங்கவில்லையா, சோம்பேறிக் கூட்டமா சேர்ந்துபோச்சா என்று கேட்டார். உலகம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை, அவளுடைய புறங்கை முத்துப்பேச்சியின் கழுத்தில் இருந்தது.

"நூறு," என்றாள்.

சொல்லிவிட்டுக் குனிந்து, மருமகளின் அடுப்பிலிருந்து எரிகிற விறகை இழுத்துத் தரையில் போட்டுத் தண்ணீரை ஊற்றினாள். புகை எழும்பி அடங்குவதற்குள் இரண்டாவது அடுப்பு அணைந்தது, மூன்றாவது அணைந்தது, நாலாவது அணைந்தது, ஐந்தாவதும் அணைந்தது. பெண்கள் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முத்துப்பேச்சியை நடுவில் விட்டு வெளியே நடந்தார்கள். பதத்துக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்த ஐந்து கொப்பரைப் பாகு, அவர்கள் கண்முன்னாலேயே கருத்து இறுகத் தொடங்கியது. வெல்லத்தின் மேல் அவளுக்கு இருபத்தெட்டு வருஷத்து மரியாதை இருந்தது, அது வீணாவதைப் பார்க்க உலகம்மாளுக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

"இது என்ன அக்கிரமம்," என்றார் அண்ணாச்சி.

"நூறு ஆனா அந்தப் பொட்டி தானா அணைஞ்சுது அண்ணாச்சி. அதை நீங்க சோம்பேறின்னு சொல்லலை. மதுரைக்கு ஆள் அனுப்புனீங்க," என்றாள் உலகம்மாள். "இனிமே நாங்களும் அணைஞ்சுருவோம். எண்பத்தஞ்சுல கவனிப்போம், தொண்ணூத்தஞ்சுல மெதுவாப் போவோம், நூறுல நிப்போம். கணக்கு நீங்க வச்சதுதான்."

ஆறாவது அடுப்பு, உலகம்மாளுடையது, இன்னும் எரிந்துகொண்டிருந்தது, அதன்மேல் பாகு பதம் பிடிக்கிற சத்தம் அவர் காதிலும் விழுந்தது. அண்ணாச்சி பிறந்ததே முதலாளியாக இல்லை; அப்பா காலத்தில் இதே கொட்டகையில் பாகு கிண்டியவர்தான். நான் கிண்டாத பாகா என்று சட்டையைக் கழற்றிக் கதவில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கரண்டியைப் பிடித்தார். பெண்கள் ஐந்து பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தார்கள், டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்து கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். உலகம்மாள் மட்டும் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

கொஞ்சநேரத்தில் அவர் முதுகில் முத்து முத்தாக அரும்பியது, வழிந்தது, வேட்டியின் மடிப்பை நனைத்தது. கரண்டி இழுத்தது, அவர் கால் மாற்றி நின்றார், துண்டுக்காகத் துழாவினார், துண்டு சட்டையோடு கதவில் கிடந்தது. உலகம்மாள் உள்ளே வந்தாள். யாரும் நினைத்திருக்காத ஒன்றை, இருபத்தெட்டு வருஷத்தில் அவளே நினைத்திருக்காத ஒன்றைச் செய்தாள். முதலாளியின் பின்கழுத்தில் புறங்கையை வைத்தாள்.  அவர் திமிறவில்லை, கரண்டியையும் விடவில்லை.

"எழுபத்திரண்டு. ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி, கிண்டுங்க," என்றாள்.

அவர் கிண்டினார். பொங்கியதை அடக்கினார், அடங்கியதைக் கிளறினார், கண்ணில் வழிந்த உப்பைப் புஜத்தால் துடைத்தார், ஒருமுறை ஜன்னல் பக்கம் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூரை மறுபடி படபடத்தது. பிறகு, கொப்பரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், வறண்ட தொண்டையோடு, மெதுவாகத்தான் கேட்டார், என்றாலும் வேப்பமரம் வரைக்கும் அது கேட்டது.

"இப்ப எவ்வளவு, உலகம்மா?"

அவள் கையை வைத்துப் பார்த்தாள், ஒன்று கூட்டவும் இல்லை, ஒன்று குறைக்கவும் இல்லை.

"எண்பத்தஞ்சு. கரண்டியை வச்சிட்டு வெளியே வாங்க. உங்களுக்கும் அதே கணக்குதான்."